ஆயுத பூஜையும் சிறந்த ஊழியர் விருதும்

அன்புள்ள அக்கா,

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நிரந்தர ஊழியர்கள் 40 பேர். மாம்பழ சீசனில் சுற்றுக் கிராமங்களிலிருந்து 200 பெண்களுக்கு மேல் வேலைக்கு வருவார்கள். வடமாநிலப் பையன்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை முடிந்ததும் ‘சிறந்த ஊழியர்’ விருது கொடுப்பது வழக்கம். ஒரு கேடயம், 5,000 ரூபாய் ரொக்கம். போன வருடம் அது ஒரு சூப்பர்வைசருக்குப் போனது. எங்கள் பாய்லர் ஆபரேட்டர் ஜூன் மாதத்தில் ஓர் இரவு முழுக்க நின்று பழுதான பாய்லரைச் சரிசெய்து கொடுத்தவர். விருது அறிவித்ததும் அவர் ஸ்வீட் பாக்ஸைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். அவர் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். இந்த வருடம் முதலாளி, “விருதே வேண்டாம், பொரி கடலையோடு முடித்துக்கொள்ளலாம்” என்கிறார். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரோ, “எல்லோரும் ஒன்றாகக் கூடுகிற ஒரே நாள் அது. அன்றைக்குப் பாராட்டாமல் என்றைக்குப் பாராட்டுவது?” என்கிறார். இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது. பண்டிகையும் கெடக் கூடாது, உழைத்தவர்களுக்கும் மரியாதை செய்ய வேண்டும். என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

உங்கள் முதலாளி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். விருதை ஆயுத பூஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் அதோடு சேர்த்துப் பாராட்டையும் தூக்கிப் போடுவது தப்பு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேடையில் வைத்ததுதான் சிக்கலே.

பண்டிகை நாளில் வாசலில் வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, எல்லோருக்கும் ஒரே தட்டிலிருந்து பொரியும் கடலையும் அள்ளிக் கொடுக்கிறோம். அந்த ஒரு நாள்தான் மேனேஜரும் லோடுமேனும் ஒரே திருநீறைப் பூசிக்கொண்டு நிற்கிற நாள். அந்த நேரம் பார்த்து ஒருவரை மட்டும் கூப்பிட்டு, “இவர்தான் நம்மில் சிறந்தவர்” என்று சொன்னால், மீதி 39 பேருக்கும் அன்றைக்கு என்ன செய்தி போகிறது? பந்தியில் உட்காரவைத்து ஒருவர் இலையில் மட்டும் நெய் ஊற்றுகிற மாதிரிதான். சாப்பாடு எல்லோருக்கும் உண்டு, ஆனால் யாருக்கும் இறங்காது. ஸ்வீட் பாக்ஸிலும் இதே வேலையைச் சில இடங்களில் செய்கிறார்கள். ஸ்டாஃபுக்கு ஒரு கிலோ, ஒர்க்கருக்கு அரைக் கிலோ, கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கால் கிலோ. உங்கள் இடத்தில் அப்படி இருந்தால் இந்த வருடமே நிறுத்துங்கள். பட்ஜெட் இல்லையென்றால் எல்லோருக்குமே அரைக் கிலோ போதும்.

அடுத்து பாய்லர் ஆபரேட்டர். அவர் கோபித்துக்கொண்டு போனது 5,000 ரூபாய்க்காக என்று நீங்கள் யாராவது நினைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். பாய்லர் நின்றால் நீராவி இல்லை. நீராவி இல்லாவிட்டால் அரைத்த கூழைச் சூடாக்க முடியாது, சூடாக்காத கூழ் புளித்துப்போகும். வெளியே லாரிகளில் பழம் நின்றிருக்கும், குடோனில் பழுக்கவைத்த பழம் காத்திருக்காது. அந்த இரவில் அவர் காப்பாற்றியது எத்தனை டன் என்று உங்கள் புரொடக்‌ஷன் ரிஜிஸ்டரிலேயே இருக்கும். மறுநாள் காலையில் ஷிஃப்ட் மாறும்போது, அந்த ஷிஃப்ட் ஆட்கள் முன்னால் நின்று முதலாளி அதைச் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். நாலு மாதம் கழித்து அக்டோபரில், அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வேறொருவருக்குக் கைதட்டச் சொன்னால் அவர் எப்படி நிற்பார்?

சூப்பர்வைசர் மேல் குறை சொல்லவில்லை. அவரும் உழைத்திருப்பார். ஆனால் வருடத்துக்கு ஒரு விருது என்று வைத்தால், அது பெரும்பாலும் ஆபீஸ் கண்ணில் படுகிறவருக்கே போகும். தேர்ந்தெடுப்பவர் தினமும் பார்ப்பது அவரைத்தான். பாய்லர் ரூமில் இருப்பவரையும், குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் பழம் கழுவுகிறவரையும், ராத்திரி வாட்ச்மேனையும், கேன்டீனில் காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்கிற அம்மாவையும் அவர் மாதத்தில் ஒரு தடவை பார்த்தால் அதிகம். அதனால் வருட விருதை விட்டுவிட்டு, நடந்ததை நடந்த வாரத்திலேயே சொல்லுங்கள். என்ன செய்தார், அதனால் என்ன மிச்சமானது, யார் பார்த்தார்கள் என்று மூன்று வரி போதும். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைவிட, அந்த ஷிஃப்ட் ஆட்கள் கூடி நிற்கும்போது வாயால் சொல்வது மேல். கூட நின்றவர்கள் “ஆமாம்” என்று தலையாட்டும்போதுதான் பாராட்டு ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. ரொக்கம் கொடுப்பதாக இருந்தால் அன்றைக்கே கொடுங்கள். லீவு கொடுத்தால் இன்னும் நல்லது. நம் பக்கத்தில் பொங்கலுக்குப் பிறகு ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும்போது பையன்கள் லீவுக்காக என்னென்ன பொய் சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். சீசனில் நன்றாக உழைத்தவனுக்கு, “உன் ஊர் விழாவுக்குச் சம்பளத்தோடு ரெண்டு நாள்” என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பாருங்கள். கேடயத்தை அவன் பரணில் போட்டுவிடுவான், இதைப் போட மாட்டான்.

உங்கள் அக்கவுண்ட்ஸ் நண்பர் சொல்வதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இருக்கிறது. “எல்லோரும் ஒன்றாகக் கூடுகிற ஒரே நாள்” என்கிறார். அந்த 200 பெண்கள் எங்கே? நம் ஊரில் ஆடி முடிவதற்குள் மாம்பழ சீசன் அடங்கிவிடும். ஆயுத பூஜை வரும்போது அவர்கள் தக்காளித் தோட்டத்திலும் நிலக்கடலைக் காட்டிலும் கூலிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். பெங்களூரா ரக மாம்பழத்தைத் தரம் பிரித்து, கழுவி, நறுக்கி, நாள் முழுக்க ஈரத்தில் நின்று கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணோடு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்தான். உங்கள் கம்பெனி வருடம் முழுக்க விற்கிற கூழ் அவர்கள் கை பட்டு வந்தது. விருது கொடுக்கும் மேடைக்கு முன்னால் அவர்களில் ஒருத்திகூட இல்லை என்பது இத்தனை வருடமாக யார் கண்ணிலும் படவில்லை என்றால், அது ஸ்வீட் பாக்ஸை வாங்காமல் போன கோபத்தைவிடப் பெரிய விஷயம்.

அவர்களுக்கு ஏற்ற நாள் சீசனின் கடைசி நாள். கடைசி லோடு அரைத்து முடித்து மிஷின்களைக் கழுவி வைக்கிற அன்று மதியம் எல்லோருக்கும் சாப்பாடு போடுங்கள். முதலாளி அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். இந்த வருடம் எத்தனை டன் ஓடியது, எத்தனை டிரம் நிரப்பினோம், எந்த வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று அவர்களுக்குச் சொல்லட்டும். சீசன் ஆட்களிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதே இல்லை. தினக்கூலியைக் கொடுத்து, “அடுத்த வருஷம் வாங்கம்மா” என்று அனுப்பிவிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் குடம் கொடுத்தாலும் சரி, ஒன்றுமே கொடுக்காமல் பஸ் வசதி செய்து வீடுவரை கொண்டுபோய் விட்டாலும் சரி. ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது.

போனஸைத்தான் சொல்கிறேன். அதை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை. ஆனால் பண்டிகை, பாராட்டு என்று பேசினால் அதைப் பேசாமல் இருக்க முடியாது. போனஸ் பண்டிகைப் பரிசும் கிடையாது, பாராட்டும் கிடையாது. அது சம்பாதித்த பணம். 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டமும் சரி, அதை உள்ளே எடுத்துக்கொண்ட 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்றுதான் சொல்கின்றன. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தால் போதும், உரிமை வந்துவிடும். நிரந்தரமா, சீசனா என்று அங்கே கேள்வி இல்லை. சீசன் முழுக்க வந்த உங்கள் பெண்கள் 30 நாளை எப்போதோ தாண்டியிருப்பார்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கும் உண்டு. கான்ட்ராக்டர் கொடுத்தாரா என்று கேட்டு, கையெழுத்து வாங்கிய தாளைப் பார்ப்பது உங்கள் வேலை. கணக்கு வருடம் முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மார்ச்சில் கணக்கு முடித்தால் நவம்பர் கடைசிவரை சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் கையில் வருகிற பணத்துக்கும், தீபாவளி முடிந்து வருகிற பணத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். கடைத்தெருவில் துணி எடுக்கக் கூட்டிப்போக அவர்களுக்கு ஒரு வாரமாவது வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் போனஸ் கவரை மேடை போட்டுக் கொடுப்பார்கள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராகப் போய், கும்பிட்டு வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு வர வேண்டும். என்னோடு வேலை செய்த வயதான பெண்கள் எல்லாம் அப்படிக் குனிந்து வாங்கியதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரியும். சட்டப்படி சேர வேண்டிய பணத்துக்கு எதற்குக் கும்பிடு? பேங்க் கணக்கில் போட்டுவிட்டு, எத்தனை நாள், என்ன சதவீதம், எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். மேடை தேவையில்லை.

சரி, ஆயுத பூஜையில் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். அந்த நாளுக்குள்ளேயே ஒரு மரியாதை இருக்கிறது, அதை நாம்தான் சரியாகப் பயன்படுத்துவதில்லை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஆரத்தி எடுக்கிறோம். அதை யார் செய்கிறார்கள்? பல இடங்களில் முதலாளி வீட்டு ஆட்கள் வந்து எல்லா மிஷினுக்கும் செய்துவிட்டுப் போவார்கள். இந்த வருடம் மாற்றுங்கள். எந்த மிஷினை யார் ஓட்டுகிறாரோ அவரே பொட்டு வைக்கட்டும், அவரே சூடம் காட்டட்டும். பாய்லருக்குப் பாய்லர் ஆபரேட்டர். நறுக்கும் மேஜைக்கு, பக்கத்து ஊர்களில் இருக்கிற சீசன் பெண்களில் வர முடிந்தவர்களை அழைத்து, அவர்களில் மூத்தவர். பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு உங்கள் அக்கவுண்ட்ஸ் நண்பர். முதலாளி பக்கத்தில் நிற்கட்டும். அப்புறம், குடும்பத்தை அழைத்து வரச் சொல்லுங்கள். ஓசூர், கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய கம்பெனிகளில் அன்றைக்குக் கேட்டைத் திறந்துவிடுவார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து பார்ப்பார்கள். “இதுதான் எங்க அப்பா ஓட்டுற பாய்லர்” என்று ஒரு பெண் குழந்தை அண்ணாந்து பார்க்கிறபோது அந்த மனிதருக்குக் கிடைப்பதை 5,000 ரூபாயால் வாங்க முடியாது. அதை எல்லோருக்கும் கொடுக்க முடியும், ஒருவருக்குக் கிடைத்ததால் இன்னொருவருக்குக் குறையாது. பிள்ளைகள் வருவதால் பாய்லரை முந்தின நாளே அணைத்து ஆறவிட்டுவிடுங்கள், பிசுக்குத் தரையையும் நன்றாகக் கழுவிவிடுங்கள். திருஷ்டிப் பூசணியை ரோட்டில் உடைக்காமல் காம்பவுண்டுக்குள் உடைத்து உடனே அள்ளிவிடுங்கள். வருடாவருடம் அதில் வண்டி சறுக்கி விழுகிறார்கள்.

வடமாநிலப் பையன்கள், முஸ்லிம், கிறிஸ்துவ ஊழியர்கள் பற்றி. 1958-ஆம் ஆண்டு தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நாலு நாளுக்கு மேல் ஐந்து பண்டிகை நாட்களைக் கொடுக்கிறது. அந்த ஐந்தை முடிவு செய்யும்போது தொழிலாளர்களையும் கலந்து பேச வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் ஆபீஸில் ஒருவர் உட்கார்ந்து போன வருடப் பட்டியலைக் காப்பி எடுத்து அனுப்பிவிடுவார். உங்கள் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் ஒரே லைனில் நிற்கிறார்கள். யுகாதியா, ரம்ஜானா, கிறிஸ்துமஸா என்று அவர்களைக் கேட்டுத்தான் போட வேண்டும். பீகார்ப் பையன்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு ஆறாம் நாள் வருகிற சட் பூஜை பெரிது. ஐந்துக்குள் அதைக் கொண்டுவர முடியாவிட்டால், அவர்களுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிற மாதிரி முன்கூட்டியே லீவை எழுதிக் கொடுக்கலாம். பண்டிகை நாளில் யாரையாவது வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் மாற்று விடுமுறை. இரண்டில் எது என்பதைத் தொழிலாளிதான் தேர்ந்தெடுப்பார், நீங்கள் இல்லை. இதை வாட்ச்மேனிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பாய்லர் ஆபரேட்டர் விஷயத்தை அடுத்த பூஜை வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே முதலாளியை பாய்லர் ரூமுக்குக் கூட்டிப்போங்கள். ஆபரேட்டரை ஆபீஸுக்குக் கூப்பிட வேண்டாம், நீங்கள்தான் அவரிடம் போக வேண்டும். அன்றிரவு ஷிஃப்டில் இருந்தவர்களும் பக்கத்தில் இருக்கட்டும். ரிஜிஸ்டரை எடுத்துப்போய், எத்தனை டன் கூழ் அன்றைக்குத் தப்பியது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். “இதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்” என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆபரேட்டர் பதில் சொல்லாமல் பாய்லர் கேஜைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

அப்புறம் சீசன் வருகைப் பதிவேட்டை எடுத்து, 30 நாள் தாண்டியவர்களின் பெயரையும் போன் நம்பரையும் தனியாக எழுதுங்கள். நம்பர் மாறியவர்களுக்கு ஊர் மேஸ்திரி மூலம் சொல்லி அனுப்பலாம். முதலாளி, “சீசன் ஆளுக்கெல்லாம் போனஸா?” என்று கேட்டால், அவர் என்ன சொன்னார் என்பதை அப்படியே எனக்கு எழுதுங்கள், அதற்கும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா
தருமபுரி