அந்த மூன்று பக்கங்களை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் மாமனார் இந்திய விமானப்படையில் விமானியாக இருந்தவர். 84 வயதாகிறது. 1963இல் விமானியாகி, விங் கமாண்டராக ஓய்வு பெற்றார். இப்போது திருச்சியில் எங்களோடு இருக்கிறார். வாம்பயர், ஹண்டர், நேட், மிக்-21 என்று தான் ஓட்டிய 17 வகை விமானங்களைப் பற்றி நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறார், பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அதைப் புத்தகமாக்க ஆசை. ஆனால் படித்தால் ஒரே டெக்னிக்கல் விவரம். 1971 போர் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு கருவியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம்! இவற்றை எடுத்துவிட்டுப் போர்க் காட்சிகளைக் கொஞ்சம் விரித்து, உணர்ச்சிகரமாக எழுதினால் நன்றாக வரும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? 17 வகை என்பது சாதனையா? மிக்-21ஐப் ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று எல்லாரும் சொல்லும்போது அவர் மட்டும் திட்ட மறுக்கிறாரே, ஏன்? எந்தப் பதிப்பகத்தை அணுகலாம்?

வ., திருச்சி

*

அன்புள்ள வ.,

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். 17 சாதனை இல்லை. பிரிட்டிஷ் கடற்படையில் எரிக் பிரவுன் என்று ஒரு விமானி இருந்தார். 2016இல் இறந்தார். அவர் ஓட்டியவை 487 வகை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய விமானங்களையெல்லாம் ஏறி ஓட்டிப் பார்த்த மனிதர். அந்தக் கணக்கோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். 17 என்று எண்ணியது நீங்களா, அவரா? நீங்களாகத்தான் இருக்கும். பதிப்பகத்தை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. நண்பர் ஒருவரின் சுயசரிதைக்கு முன்னுரை எழுத உட்கார்ந்து, எழுத வராமல் எரிச்சலில் இருந்தேன். அணைக்கட்டுகளில் வேலை பார்த்தே தலை நரைத்த எஞ்சினியர் அவர். கனமான புத்தகம். பிறந்த ஊர் இருக்கிறது, படிக்கப் பட்ட கஷ்டம் இருக்கிறது, மந்திரி வந்து போன நாள் இருக்கிறது, பேரன் பேத்தி படம் இருக்கிறது. ஒரு சட்டி கான்கிரீட் இல்லை. மழை நாளில் கலவை போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? நேரில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் சொல்வார். எழுதும்போது மட்டும் அதெல்லாம் வாசகருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

நம்மூர் வாழ்க்கை வரலாறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். டாக்டர் எழுதினால் நோயாளியின் கண்ணீர் வரும், கத்தி வராது. ரயில் ஓட்டியவர் எழுதினால் ஓய்வுபெற்ற நாளில் போட்ட மாலை வரும், பிரேக் வராது. நாற்பது வருஷம் கையால் செய்த வேலையை எழுதும்போது வெட்கப்பட்டு ஒளித்துவிடுகிறார்கள். தமிழில் இது முடியாது என்பதில்லை. பழைய ஏட்டுச்சுவடிகளை அச்சில் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். ஏட்டை எடுத்தால் ஓரம் எப்படிச் சொரியும், கட்டை அவிழ்த்தால் இதழ் எப்படி முறியும் என்று எழுதினார். பதிப்பாசிரியரின் பாடு நமக்கு அந்த இரண்டு வரியில் புரிகிறது. ‘நான் மிகவும் துன்பப்பட்டேன்’ என்று அவர் எழுதியிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்?

இப்போது நீங்கள் வருகிறீர்கள். ஒரு மனிதர் 84 வயதில், யாரும் கேட்காமலே, வேலையை வேலையாக எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் கத்தரிக்கோலோடு நிற்கிறீர்கள். கோபம் வருகிறது வ., மறைக்க மாட்டேன்.

அந்த மூன்று பக்கம் எந்தக் கருவியைப் பற்றி என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வாம்பயரும் ஹண்டரும் ஓட்டிவிட்டு மிக்-21க்குப் போனவர் ஒரு கருவிக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தால், அது ஆர்ட்டிஃபிஷியல் ஹொரைசனாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு மேலும் கீழும் தெரியாது. உடம்பு பொய் சொல்லும். விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும், நேராகத்தான் போகிறோம் என்று உள்காது சத்தியம் செய்யும். அப்போது நம்ப வேண்டியது எதிரே இருக்கும் ஒரு வட்டக் கருவியை. பிரிட்டிஷ் விமானங்களில், அந்த வட்டத்துக்குள் குட்டி விமானச் சின்னம் அசையாமல் நிற்கும், பின்னால் தொடுவானக் கோடு சாயும். விமானத்தின் வலது இறக்கை தாழ்ந்தால் கோட்டின் இடது முனை தாழும். கண்ணாடி வழியே வெளியே பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே. ரஷ்யக் கருவியில் கோடு சாயாது. சின்னம் சாயும். வலது இறக்கை தாழ்ந்தால் சின்னத்தின் வலது இறக்கையே தாழும், யாரோ பின்னாலிருந்து நம் விமானத்தைப் பார்ப்பது மாதிரி.

இரண்டில் எது சரி என்ற சண்டை விமானிகளிடையே தீரவில்லை. அது இருக்கட்டும். வருஷக்கணக்கில் ஒன்றைப் பார்த்துப் பழகிய கண், ஒரு நாள் மற்றதன் எதிரே உட்கார்கிறது. வெயிலில் பிரச்சினை இல்லை, வெளியே தொடுவானமே இருக்கிறதே. இரவில், மேகத்தில், அசதியில், ஒரே ஒரு நொடி பழைய பழக்கத்தில் படித்துவிட்டால் கை எதிர்ப்பக்கம் போகும். சாய்வைச் சரிசெய்கிறோம் என்று நினைத்து இன்னும் சாய்ப்பார். தரைக்கு அருகில் அந்த ஒரு நொடிக்கு மறுநொடி கிடையாது.

அதோடு முடியவில்லை. வேகம் அதுவரை நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) கணக்கில், உயரம் அடிக் கணக்கில். ரஷ்ய விமானத்தில் கிலோமீட்டரும் மீட்டரும். முள் 1000 காட்டினால் ஆயிரம் அடியா, மூவாயிரத்துச் சொச்சம் அடியா? ஹார்வர்டு பயிற்சி விமானத்தில் பிரேக் கால் நுனியில், வாம்பயரிலும் மிக்கிலும் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக்கில். 1963இல் விமானியானவர் அலகாபாத்தில் எச்.டி.-2, ஜோத்பூரில் ஹார்வர்டு, ஹக்கிம்பேட்டில் வாம்பயர் என்று படிப்படியாக ஏறியிருப்பார். எச்.டி.-2 நம் பெங்களூரில் செய்தது, எஞ்சினியர் காட்கேயின் வடிவமைப்பு, 1951இல் முதலில் பறந்தது. முழு வேகத்தில் விரட்டினாலும் மணிக்கு 210 கிலோமீட்டர் போனால் பெரிது. மிக்-21 தரையிறங்க வருவதே 300க்கு மேல். இறங்கிய பிறகு பின்னால் பாராசூட் விரித்து நிறுத்த வேண்டும். அந்த இரண்டு வேகங்களையும் ஒரே ஆள், ஒரே ஜோடிக் கையால் பழகியிருக்கிறார். 17 என்று நீங்கள் எண்ணியது அவர் தன் கையையும் காலையும் எத்தனை தடவை புதிதாகப் பழக்கினார் என்ற கணக்கு. அதைத்தான் டெக்னிக்கல் என்று வெட்டப் பார்க்கிறீர்கள்.

மிக்-21ஐ ஏன் திட்டவில்லை என்றால், ஓட்டியவருக்குத் தெரியும் அது எங்கே சறுக்கும் என்று. பழியில் பாதி விமானத்தின் மேல் இல்லை. பயிற்சி விமானத்துக்கும் மிக்குக்கும் நடுவே ஒரு படி வேண்டும் என்று, விமான விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டேன் குழு 1982இலேயே சொன்னது. அந்தப் படி, ஹாக் விமானம், படைக்கு வந்தது 2008இல். நடுவில் எத்தனை சின்னப் பையன்கள் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்தார்கள் என்று யோசியுங்கள். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தபோது உங்கள் மாமனார் டி.வி. பார்த்தாரா? என்ன சொன்னார்? அதை எழுதவில்லையே நீங்கள்!

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. எண்பதுகளில் சேலையூரில் ஒரு வீட்டின் கீழ்ப்போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். மாடியில் வீட்டுக்காரர், தாம்பரம் விமானப்படைப் பயிற்றுநர் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் மொட்டை மாடியில் பிரம்பு நாற்காலி. நான் போனால் ஹார்வர்டைக் கிளப்பிக் காட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். இடது கை நாற்காலிக் கைப்பிடியில் ஏதோ ஒன்றை மெல்ல முன்னால் தள்ளும், வலது கை மடிக்கு மேல் காற்றைப் பிடித்திருக்கும். இடது கை முன்னே போகப் போக, ரப்பர் செருப்புக்குள் வலது கால் தரையை அழுத்த ஆரம்பிக்கும். முன்விசிறி சுற்றும் வேகத்தில் மூக்கு இடப்பக்கம் இழுக்குமாம், வலது காலால் பிடித்து நிறுத்தாவிட்டால் ஓடுபாதையை விட்டே போய்விடும். ‘இந்தக் கால் இருக்கே தம்பி, இது மூளைக்கு முன்னாடியே வேலை செய்யணும்’ என்பார். வால்சக்கர விமானம், தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும், முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதனால் பாம்பு போல வளைந்து வளைந்து ஓட்டிப் போக வேண்டும். அதையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். மாமி கீழேயிருந்து ‘காபி ஆறிப்போறது, லேண்ட் பண்ணுங்கோ’ என்று குரல் கொடுப்பார்.

1965 போரின் ஆண்டு நிறைவு என்று ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டி எடுக்க வந்தார்கள். அவர் போரில் வாம்பயர் ஓட்டியவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார், நான் பக்கத்தில் இருந்தேன். வாம்பயரின் முன்பாகம் உலோகமில்லை, ஒட்டுப்பலகையும் பால்சா மரமும். அதில் உட்கார்ந்து ஜெட் ஓட்டுவது என்றால் என்ன என்று சொன்னார். அதன் எஞ்சின், விசையைக் கூட்டும் த்ராட்டில் பிடியைத் தள்ளியதும் எழாது, யோசித்துவிட்டுத்தான் எழும். அதனால் இறங்க வரும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைய விடவே கூடாது. குறைந்துவிட்டால், வேண்டும் என்கிற நேரத்தில் கிடைக்காது. இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறியது. யாரையோ நினைத்துக்கொண்டுதான் சொன்னார். வந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘சார், குண்டு போட்டபோது மனசுல என்ன ஓடிச்சு?’ என்றார். அச்சில் வந்தது நாலு வரி. தாய்மண், ரத்தம், சிலிர்ப்பு. வாத்தியார் அல்லவா, சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ‘நான் சொல்லவில்லை’, ‘நான் சொல்லவில்லை’ என்று எழுதினார். கடைசி வரிக்கு ‘மீண்டும் எழுதவும்’.

நீங்கள் செய்யப்போவதும் அந்தப் பத்திரிகைக்காரர் செய்ததும் ஒன்றுதான். அன்பினால் செய்கிறீர்கள், அதுதான் வித்தியாசம்.

போர் எங்கும் ஓடிவிடாது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன் நேட் விமானத்தில் எழும்பி, ஒற்றை ஆளாகப் போரிட்டு உயிர்விட்டது எல்லாருக்கும் தெரியும், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அதே வருஷம் நவம்பர் 22 அன்று வங்காள எல்லையில் போய்ராவுக்கு மேலே நடந்த சண்டையில் விழுந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் எத்தனை என்று இரண்டு நாடும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கின்றன. இந்தியா மூன்று என்றது. இரண்டுதான் விழுந்தது, மூன்றாவது அடிபட்டுத் திரும்பி வந்துவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. அந்தச் சண்டையை வரலாற்றாசிரியர்கள் போடட்டும். ஆனால் நேட்டுக்குள் உட்கார்ந்து தோள் இரண்டு பக்கமும் இடிக்கப் பறந்தது எப்படி இருந்தது? தனியாக வேகத்தடுப்பு வைக்க இடமில்லாத அளவு சின்ன விமானம், தரையிறங்கும் சக்கரத்தையே பாதி இறக்கி வேகத்தைக் குறைப்பார்கள். அதை வானத்தில் செய்யும்போது விமானம் கைக்குள் என்ன செய்யும்? சண்டை நடுவே பீரங்கி சிக்கிக்கொண்டால் அந்த நொடியில் விரல் என்ன செய்யும்? இதைத் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள், காட்டுங்கள். நேட் ஓட்டிய தமிழர்களே எத்தனை பேர் இருந்திருப்பார்கள், அதில் நோட்டுப் போட்டு எழுதி வைத்தவர் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

ஒன்றரைப் பக்கத்தில் போரை முடித்தார் என்றால், அவருக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான், அல்லது அவ்வளவுதான் சொல்ல விரும்புகிறார். நீங்கள் விரித்தால் அது உங்கள் போர். அவர் கையெழுத்தை அதன் கீழே போடாதீர்கள்.

சரி, திட்டியது போதும். நீங்கள் நல்ல மாப்பிள்ளை. மாமனாரின் நோட்டைப் பிரித்துப் பார்க்கவே யாருக்கும் பொறுமை இல்லாத காலத்தில் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருக்கிறீர்கள். கொஞ்சம் வேலை சொல்கிறேன். அவருடைய லாக் புக் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, விமானம், நேரம் இருக்கும். நோட்டில் நினைவு பிசகிய இடத்தை அது சரிசெய்யும். நிழலில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள், வெளியே யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். புரியாத இடத்தில் எதையும் நீக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் கை எங்கே போகிறது, கால் எங்கே அழுத்துகிறது என்று பார்த்து எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அவர் வாயில் வருகிற சொல்லையே தமிழ் எழுத்தில் போடுங்கள்.

அந்த மூன்று பக்கங்களை முதலில் தட்டச்சு செய்து எனக்கு அனுப்புங்கள். அவர் படம் வரைந்திருந்தால் படத்தோடு. பந்தயத்தில் நான் தோற்று, அது ஹொரைசன் இல்லாமல் வேறு கருவியாக இருந்தாலும் சரி, அனுப்புங்கள்.

அன்புடன்.