காலை இட்லிக்கு நேற்று வைத்த மீன் குழம்பு

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 44 வயது, துறைமுகத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள். விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். காலையும் மதியமும் கடைச் சாப்பாடு, ராத்திரி பரோட்டா இல்லையென்றால் ஃபிரைடு ரைஸ். போன மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 வந்திருக்கிறது. வீட்டிலேயே சமைக்கிறேன் என்றால், "பத்தியச் சாப்பாடெல்லாம் எனக்கு வேண்டாம்" என்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று அர்த்தம். சாப்பாட்டையும் நடையையும் சரி செய்து இதிலிருந்து திரும்பி வர முடியும். நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

ருசி வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம்தான். ஓட்ஸ் வாங்கி வைக்காதீர்கள், நான்கு நாளில் மறுபடி கடைக்கே போய்விடுவார். காசிமேடு மீன் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ராத்திரிச் சமையலை மட்டும் முதலில் கையில் எடுங்கள். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உங்களுக்கே தெரியும். ராத்திரி வைத்த குழம்பு ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். விடியற்காலை நன்றாகக் கொதிக்க வைத்து, மூன்று இட்லியோடு டப்பாவில் கட்டிவிடலாம். ஒரு சமையலில் இரண்டு வேளை கடைச் சாப்பாடு நின்றுவிடும்.

வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை. நெத்திலி, கவலை, கானாங்கெளுத்தி எல்லாம் விலையும் குறைவு, சத்தும் அதிகம். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கும். தலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். உட்கார்ந்தால் அரை கிலோவைக் கால் மணி நேரத்தில் முடிக்கலாம். சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்க மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் போதும். மீனை வறுக்காமல் குழம்பில் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விலை ஏறிவிடும். அப்போது முட்டைக் குழம்பு, தட்டைப்பயறு குழம்பு வையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். வீட்டில் சமைத்ததாலேயே சாப்பாடு நல்லதாகிவிடாது. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்று இருந்தால் சர்க்கரை இறங்காது. தட்டில் பாதியைக் காய்க்கோ கீரைக்கோ விடுங்கள், கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால் பங்குதான் சோறு. முதலில் காயைச் சாப்பிடச் சொல்லுங்கள், அப்புறம் சோறு கேட்பது தானாகக் குறையும்.

எண்ணெயைப் பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்று சொல்கிறது. உங்கள் நான்கு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். உப்பு ஒருவருக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். கருவாடு செய்கிற அன்றைக்கு அதை வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, குழம்பில் தனியாக உப்பு போடாதீர்கள்.

கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது சரியில்லை. நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து, சர்க்கரையையும் வேகமாக ஏற்றும். அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடையாகத் தட்டிக் கொடுங்கள்.

கடைப்பக்கமே போகக் கூடாது என்று சண்டை போட வேண்டாம். சனிக்கிழமை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடட்டும், ஒரு பிளேட்டோடு நிறுத்திக்கொண்டு வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கப் வாங்கிக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்றால், சோற்றைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. இந்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுவது. அதனால் இரண்டே வாரத்தில் மறுபடி எடுத்துப் பார்த்து மனம் தளர வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும் எடுங்கள்.