எட்ஜுக்கு மாறினால் கூகுள் பிடி விடுமா?

காரைக்குடி கண்டாங்கிக் கடை மடிக்கணினியில் குரோம் பிரவுசர், விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்டிப்பை முடக்கிவிட்டது, மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசருக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அண்ணே. எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற அடிப்படை மென்பொருள் மேல் எழுப்பியவை. முகப்புதான் வேறு, அஸ்திவாரம் ஒன்றே. பயர்பாக்ஸுக்கு மாறுங்கள். அதற்கு வலைப்பக்கங்களைக் காட்ட கெக்கோ என்று சொந்த எஞ்சின் உண்டு, யூபிளாக் முழுதாக ஓடும். அதை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் தேடல் ஒப்பந்தப் பணம் என்பது எனக்கு உறுத்தல்தான். தேடுபொறியை டக்டக்கோவாக மாற்றிவிடுங்கள்.

சிக்கல் வருவது பாஸ்வேர்டில். குரோமில் சேமித்தவற்றைப் பயர்பாக்ஸுக்கு நேரடியாக இறக்குமதி செய்வது முரண்டு பிடித்தால், குரோம் பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸில் சிஎஸ்வி (வெறும் எழுத்துப் பட்டியல்) கோப்பாக எடுத்து, பயர்பாக்ஸ் பாஸ்வேர்டு பக்கத்தின் மூன்று புள்ளி மெனுவில் ஏற்றுங்கள். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டு எல்லாம் பூட்டில்லாமல் கிடக்கும். ஏற்றியதும் ஷிஃப்ட், டெலிட் சேர்த்து அழுத்தி அழித்துவிடுங்கள். ஏதாவது வங்கித் தளம் அடம்பிடித்தால் அதற்கு மட்டும் குரோம் இருக்கட்டும்.