டிசம்பரில் ஒரே நாளில் மீன்பிடி, நெடுந்தீவு, சுண்டிக்குளம்

யாழ்ப்பாணத்துக்கு டிசம்பரில் பிள்ளைகளோடும் அம்மாவோடும் வந்து, மீன்பிடி, நெடுந்தீவுக் குதிரைகள், சுண்டிக்குளத்துப் பூநாரைகள் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் மூன்றும் முடியாது. இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் பயணத்தைப் பெப்ரவரிக்குத் தள்ளுங்கள்.

உங்கள் அட்டவணை இடிப்பதற்குக் காரணம் திசை என்று நினைக்கிறேன். நெடுந்தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறை யாழ்ப்பாண நகருக்கு மேற்கே இருக்கிறது. பூநாரைகள் வரும் சுண்டிக்குளமோ தென்கிழக்கே, ஆனையிறவுக்கும் அப்பால். வரைபடத்தில் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், புரியும். தவிர, டிசம்பர் இங்கே வடகீழ்ப் பருவமழைக் காலம்.

முதல் நாள் நெடுந்தீவு. கடலில் மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காட்டுக் குதிரைகள் தீவின் தெற்குப் பக்கத்து வெளியில் மேயும். இறங்குதுறையிலேயே வாகனம் பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அங்குள்ள பெருக்குமரத்தையும் (பாவோபாப்) காட்டுங்கள், அதன் அடிமரப் பொந்துக்குள் அவர்கள் நின்று பார்க்கட்டும்! கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாளே துறையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். காற்று எழுந்தால் படகு நின்றுவிடும், ஆகவே ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் இதை வைக்காதீர்கள்.

மறுநாள் விடியலில் சுண்டிக்குளம். அது தேசியப் பூங்கா. தூண்டிலை அங்கே கொண்டுபோக வேண்டாம். மீன்பிடிக்கு மாலையில், யாழ்ப்பாண நகருக்கு அருகிலுள்ள தீவான மண்டைதீவுப் பக்கம் ஆழம் குறைந்த கடலே போதும். வள்ளத்தில் ஏறுவதானால், பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏற வேண்டாம். கரையிலிருந்தே தூண்டில் போடலாம், உங்கள் அம்மாவுக்கும் அதுதான் வசதி.