புவியியலையும் சமயவியலையும் சேர்த்துப் படிக்கலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் புவியியலையும் சமயவியலையும் இணைத்துப் பட்டம் படிக்க விரும்புகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்கிறார்கள். பாடச்சுமை இரட்டிப்பாகுமா? வேலைக்கு உதவுமா?

பதில்: சம்பந்தம் நிறையவே உண்டு. பாலித் தீவின் நெல்வயல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'சுபாக்' எனப்படும் பாசன அமைப்புகளில், எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது வயலைத் தரிசாகப் போடுவது என்பதை உழவர்கள் நீர்க்கோயில்களின் வழிபாட்டு ஒழுங்கோடு இணைத்தே முடிவு செய்து வந்தார்கள். 1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் அந்த ஒழுங்கை ஒதுக்கிவிட்டு, இயன்றபோதெல்லாம் நெல் நடச் சொன்னதும், பூச்சித் தாக்குதலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் தலைதூக்கின. அடுத்தடுத்த வயல்கள் ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால்தான் பூச்சிகள் இரையின்றி அழியும்; ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் இடையில் கோயில்கள் ஒரு சமநிலையைக் காத்து வந்ததை மானுடவியலர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஒருவருடன் சேர்ந்து கணினி மாதிரியின் துணையோடு விளக்கினார். நீரோட்டத்தை மட்டும் அளந்தவருக்கும் சடங்கை மட்டும் படித்தவருக்கும் இது பிடிபட்டிருக்காது.

சமயவியல் என்பது, ஒரு சமயத்தின் நம்பிக்கைக்குள் நின்று படிக்கும் இறையியல் அன்று என்பதையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். எந்தச் சமயத்தையும் சாராதவரும் அதைப் படிக்கலாம்.

பாடச்சுமை இரட்டிப்பாகாது. மொத்த கிரெடிட் பொதுவாக ஒற்றைப் பாடப் பட்டத்துக்கு உள்ள அளவுதான். அதை இரு துறைகளும் பகிர்ந்துகொள்கின்றன. உண்மையான சிரமம் வேறு. இரு துறைகளின் கட்டுரைகளையும் ஒரே வாரத்தில் சமர்ப்பிக்க நேரலாம். ஒரு துறையின் களப்பயணம் மற்றதன் வகுப்புகளோடு மோதலாம். விருப்பப் பாடங்களிலும் சிலவற்றை விட்டுத்தான் ஆகவேண்டும். பெரும்பாலும் அடிபடுவது இயற்கைப் புவியியல். காலநிலையியல், நீரியல் போன்றவற்றில் மேற்படிப்புக்குப் போகும் எண்ணமிருந்தால் இந்த இணைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாறாக, மனிதப் புவியியல்தான் உங்கள் நாட்டம் என்றால் இது நல்ல தேர்வு. எந்தப் பகுதியில் எந்தச் சமயத்தார் எத்தனை பேர் என்று நிலப்படம் வரைவது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சமயத்தைக் கேட்பதே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் அந்தக் கேள்வி இடம்பெற்றாலும், பதில் சொல்வது அவரவர் விருப்பம். சொன்ன பதிலும் நம்பிக்கையைக் குறிக்கிறதா, பிறந்த குடும்பத்தையா என்பதைப் படிவம் காட்டாது. ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் மென்பொருள் கைவந்த மாணவர் படத்தை வரைந்துவிடுவார்; அதன் எண்கள் எப்படிப் பிறந்தன என்று கேட்கச் சமயவியல் பழக்குகிறது.

வேலையைப் பொறுத்தவரை, இந்தப் பட்டத்துக்கென்றே ஒரு பதவி காத்திருக்கவில்லை. மரபுச் சின்னப் பாதுகாப்பு, நகரத் திட்டமிடல், நிவாரணப் பணி, கணக்கெடுப்பு ஆய்வு போன்ற துறைகளில் இது பயன்படும், அங்கும் ஜி.ஐ.எஸ்., புள்ளியியல், நேர்காணல் முறை ஆகியவற்றில் தேர்ச்சி இருந்தால்தான் விண்ணப்பத்துக்கு எடை கூடும். ஆகவே ஆய்வுமுறைப் பாடங்களை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். ஆசிரியர் பணிதான் இலக்கு என்றால், பாதியளவு புவியியல் படித்தவரை ஆசிரியர் பயிற்சிக்கு ஏற்பார்களா என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்குமுன் துறையினரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இறுதியாண்டு ஆய்வேட்டை இரு துறைப் பேராசிரியர்களும் சேர்ந்து வழிநடத்துவார்களா? ஆம் என்றால், ஒரு புனிதத் தலத்தின் நிலப் பயன்பாடு, யாத்திரை வழித்தடங்கள் போன்ற பொருளில் இரு படிப்புகளும் ஒன்றுசேர வாய்ப்புண்டு. ஏதேனும் ஒரு துறையைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்றும், இரண்டையும் இணைக்கும் பாடம் எதுவும் இல்லை என்றும் பதில் வந்தால், புவியியலை முதன்மைப் பாடமாக எடுத்து, சமயவியலில் சில விருப்பப் பாடங்களைப் படிப்பதே உங்களுக்கு உசிதம்.