ஆழமான வெட்டுக்காயம்: துணியை வைத்து அழுத்துங்கள், தூளை அப்பாதீர்கள்

கேள்வி: முந்திரித் தோப்பு முள்கம்பி வேலியில் மாட்டி, எங்கள் பசுவின் பின்னங்கால் ஆழமாகக் கிழிந்துவிட்டது. காபித்தூளை அப்பி, காயத்துக்கு மேலே நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். டாக்டர் வந்து தையல் போட்டுவிட்டார், மாடு தேறிவிட்டது. ஆனால் காபித்தூளையும் கயிற்றையும் பார்த்துச் சத்தம் போட்டார். டாக்டர் வரும்வரை வீட்டில் என்னதான் செய்வது?
- ஒரு விவசாயி, பண்ருட்டி வட்டம்

பதில்: அவர் சத்தம் போட்டதில் நியாயம் இருக்கிறது. காபித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எல்லாமே ஆழமான காயத்துக்குள் போனால் வெறும் அழுக்குதான். தையல் போடுமுன் அத்தனையையும் கழுவி எடுக்க வேண்டும், அப்போது உறைந்த ரத்தமும் கலைந்து மறுபடி ஒழுகும். தூள் அப்பியதும் ரத்தம் நின்றதென்றால் அது பெரும்பாலும் உங்கள் கை கொடுத்த அழுத்தத்தால்தான்.

முதலில் மாட்டை நின்ற இடத்திலேயே பிடித்துக் கட்டுங்கள். வீடுவரை நடத்திக்கொண்டு வந்தால் ரத்தப்போக்கு கூடும். ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கட்டும். மற்றவர் உதைபடாதபடி பக்கவாட்டில் நின்று, துவைத்த பருத்தித் துண்டையோ பழைய வேட்டியையோ நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கையை எடுக்கவே கூடாது. நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். சானிட்டரி நாப்கின் இருந்தால் அதுவும் நன்றாக உறிஞ்சும், கூச்சப்பட வேண்டாம். நின்றதும் துணியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிவிடலாம்.

கயிறு விஷயத்துக்கு வருகிறேன். மெல்லிய நைலான் கயிறு தோலையும் நரம்பையும் நசுக்கிவிடும், நேரமானால் கீழே கால் செத்துப்போகும். பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்துப் பீய்ச்சினால் அது தமனி ரத்தம். அழுத்தியும் அது நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே கையகலத் துணியால் கட்டுங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து, கால் மணிக்கொருமுறை சற்றுத் தளர்த்துங்கள்.

350 கிலோ பசுவின் உடலில் ஏறக்குறைய 20 லிட்டர் ரத்தம் உண்டு. ஒரு லிட்டர் போனாலும் தாங்கும், தரையில் பார்த்தவுடன் பதற வேண்டாம். ஆடு அப்படியல்ல. 20 கிலோ ஆட்டுக்கு மொத்தமே ஒன்றேகால் லிட்டர்தான். ஈறும் கண்ணின் உள்ளிமையும் வெளுத்து, காது சில்லிட்டு, மாடு தள்ளாடினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள்.

1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். புதுச்சேரி ஓரம் இருப்பவர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தையல் போட்டால்தான் நன்றாகக் கூடும். மடி, காம்பு, மூட்டு, வயிறு ஆகிய இடங்களில் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

டாக்டர் வர நேரமாகும், ரத்தமும் லேசாகத்தான் கசிந்தது என்றால், நின்றபிறகு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பெருக்கெடுத்து நின்ற காயத்தைத் தொடாதீர்கள். மண்ணெண்ணெய் ஆகவே ஆகாது.

மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி, துளசி, மருதாணி, பூண்டு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் நல்ல மருந்துதான். ஆனால் அதை மேலோட்டமான புண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தையல் பிரித்தபிறகு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் கொட்டகை ஈரமாகவே கிடக்கும், ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காயத்தைச் சுற்றி, உள்ளே படாமல், வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது.

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றியும் கேட்டுவிடுங்கள். ரணஜன்னிக் கிருமி துருவில் பிறப்பதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. மாட்டைவிட ஆட்டுக்கு அது சீக்கிரம் வரும். மாட்டைப் பிடித்தபோது உங்கள் கையிலும் கம்பி கிழித்திருந்தால் நீங்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து அது மாறும்.