எலிக்குச் சோகம் வருமா? மூளை ஆழத் தூண்டல் பற்றி வாசகர் கேள்விகள்

மூளை ஆழத் தூண்டல் பற்றி இம்முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய மின்வாயை மூளையின் உள்ளே இறக்குவார்கள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்த பற்றரியிலிருந்து ஓயாமல் மின்துடிப்பு போய்க்கொண்டிருக்கும். பார்கின்சன் நோய்க்கு இது நிலைபெற்ற சிகிச்சை. மனநோய்களில் இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

எலிக்கு மனச்சோர்வு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (கல்லாறு வாசகர்)

அப்படி யாரும் கண்டுபிடிப்பதில்லை. நடத்தையைத்தான் அளக்கிறார்கள். கால் எட்டாத ஆழத்துக்கு நீர் நிரப்பிய உருளையில் எலியை விடுவார்கள். முதலில் நீந்தும், சுவரில் ஏறப் பார்க்கும். பிறகு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அசையாமல் மிதக்கும். மனச்சோர்வுக் குளிசை கொடுத்த எலி அவ்வளவு நேரம் மிதக்காது, கூடுதலாக நீந்தும். 1977 இல் பொர்சோல்ட் குழு கொண்டுவந்த சோதனை இது. அசையாமல் மிதப்பது நம்பிக்கை விட்டுப்போனதாலா, அல்லது தப்ப வழியில்லை என்று கண்டு சக்தியைச் சேமிப்பதாலா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன்.

சீனித்தண்ணீர்ச் சோதனைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். வெறுந்தண்ணீரையும் சீனித்தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எலி சீனியைத்தான் நாடும். கிழமைக்கணக்காக நெருக்கடியில் வைத்த எலிக்கு அந்த நாட்டம் குறைந்துவிடுகிறது. "முந்தி ஆசைப்பட்ட எதிலயும் இப்ப மனம் போகுதில்ல, டொக்டர்" என்று கிளினிக்கில் கேட்கும் சொல்லுக்கு இது கிட்ட நிற்கிறது. ஆனால் குற்ற உணர்வையோ சாக வேண்டும் என்ற எண்ணத்தையோ எந்த எலியிலும் அளக்க முடியாது.

என் மகன் தொழுகைக்கு முன் வுழூச் செய்ய (கை, முகம், கால் கழுவ) போனால் ஒரு மணித்தியாலம். திரும்பத் திரும்பக் கழுவுகிறான், வஸ்வாஸ் (ஷைத்தானின் ஊசலாட்டம்) என்கிறார்கள். இந்த மின் சிகிச்சை செய்யலாமா? (அக்கரைப்பற்று, ஒரு தாய்)

சகோதரி, நீங்கள் சொல்வது ஓசிடி என்னும் நோயாக, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோயாக, இருக்கக்கூடும். ஈமான் (இறைநம்பிக்கை) குறைவென்று அவனைக் கண்டிக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சை பற்றி இப்போது யோசிக்கவே தேவையில்லை. முதலில் மனநல வைத்தியர் அவனைப் பார்க்கட்டும். குளிசை உண்டு. ஆனால் இந்நோய்க்கு அது பலன் காட்ட 10, 12 கிழமை எடுக்கலாம், இடையில் விட்டுவிடாதீர்கள். கழுவத் தோன்றும்போதும் கழுவாமல் தாக்குப்பிடிக்கப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சியும் உண்டு. பெரும்பாலானோருக்கு இந்த இரண்டில் நல்ல முன்னேற்றம் கிடைக்கும்.

ஆழத் தூண்டல், இவையெல்லாம் முறையாகச் செய்தும் வருடக்கணக்கில் முடங்கிக் கிடப்பவர்களுக்கு மட்டும். பெல்ஜியத்தில் நட்டின் குழு 1999 இல் ஓசிடிக்கு அதைச் செய்ததாக அறிவித்தது. அமெரிக்கா 2009 இல் கடும் ஓசிடிக்கு மட்டுப்படுத்திய அனுமதி கொடுத்தது. இந்நோயின் சாயலை எலியிலும் உண்டாக்கிப் பார்த்தார்கள். குவின்பிரோல் என்ற மருந்தைத் தொடர்ந்து ஊசியில் ஏற்றினால் எலிகள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சரிபார்க்கும். மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தலமக் கரு என்ற சிறு பகுதியில் மின்துடிப்புக் கொடுத்தால் அது குறைவதை 2008 இல் காட்டினார்கள். அதே ஆண்டு பிரான்சில் 16 நோயாளிகளிடமும் அதே இடத்தில் செய்து பலன் கண்டார்கள். சிலருக்குக் கடுமையான பக்க விளைவுகளும் வந்தன.

விலங்கில் வெற்றி பெற்றது மனிதரில் ஏன் தோற்றது? (வந்தாறுமூலை, மாணவர்)

தம்பி, மனச்சோர்வில் வரிசையே வேறு. பார்கின்சனில்தான் குரங்கு முதலில் வந்தது. எம்பிடிபி நஞ்சால் உடல் இறுகிப்போன குரங்குகளில் அடித்தலமக் கருவைச் சிதைத்ததும் அசைவு திரும்பியதை பேர்க்மன், விச்மன், டிலோங் 1990 இல் காட்டினார்கள். மின்தூண்டலும் அதே வேலையைச் செய்வது 1993 இல் குரங்கில் தெரிந்தது. மனிதருக்கு அந்த இடத்தில் செய்ய அது வழிவிட்டது. மனச்சோர்விலோ, மேபேர்க்கும் லொசானோவும் டொரொன்டோவில் மூளைப் படங்களை நம்பி 2005 இல் 6 நோயாளிகளுக்குச் செய்தார்கள். 4 பேர் தேறினார்கள். எலி பிறகு வந்தது. 2010 இல் ஹமானி குழு எலியின் முன்மூளையில் மின்துடிப்புக் கொடுக்க, நீரில் மிதக்கும் நேரம் குறைந்தது. செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்தை முன்கூட்டியே அழித்த எலியில் அந்தப் பலன் இல்லை. அப்படிப்பட்ட "எப்படி"க்குத்தான் எலி பதில் தரும். நோயாளி எழும்பி வேலைக்குப் போவாரா என்பதற்குத் தராது.

மனச்சோர்வுக்கான பெரிய ஆய்வுகள் சறுக்கின. 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015 இலும், 90 பேரை வைத்துச் செய்தது 2017 இலும் வெளிவந்தன. மின் பாய்ந்தவர்களுக்கும் பாயாதவர்களுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவதில் எல்லோருக்கும் மின் கொடுத்துத் தொடர்ந்தபோது, இரண்டு வருடத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறியிருந்தார்கள். ஒப்பீட்டுக்கு ஆளில்லாத கணக்கு அது. இருந்தும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எலியில் பலனை நாட்கணக்கில் பார்க்கிறோம், அதுவும் பெரும்பாலும் சுகமான எலியில். எந்த மருந்துக்கும் அசையாத நோயை வருடக்கணக்காகச் சுமந்தவருக்கு அந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

வாயில்லா ஜீவனை வதைப்பது பாவமில்லையா? (களுவாஞ்சிக்குடி)

கேட்க வேண்டிய கேள்வி. மாற்று இருந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று ரசலும் பர்ச்சும் 1959 இல் வகுத்த நெறியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நீச்சல் சோதனையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. விலங்கில் அவசரப்பட்டால் மனிதரும் பலியாவார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. முன்மூளையை அகற்றிய சிம்பன்சி ஒன்று சாந்தமானதாக 1935 இல் லண்டன் மாநாட்டில் சொன்னார்கள். போர்த்துக்கல் நரம்பியல் வைத்தியர் மோனிஸ் அங்கே இருந்தார். அதே ஆண்டிலேயே மனிதரின் முன்மூளையில் கைவைத்தார். 1949 இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த அறுவையால் ஆயிரக்கணக்கானோர் சீரழிந்தார்கள்.

தங்கைக்குக் கடும் மனச்சோர்வு. கரண்ட் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது, இந்தப் புதுமுறை வரும்வரை காத்திருக்கலாமா? (வாழைச்சேனை)

காத்திருக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு. உங்கள் தங்கைக்குச் சொல்லியிருக்கும் மின்வலிப்புச் சிகிச்சையில் (ஈசிடி) மண்டையைத் திறப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் முடியும். ஞாபக மறதி வரலாம், சிலருக்கு அது கிழமைக்கணக்காகவோ அதற்கு மேலோ நீடிக்கலாம், அதைப் பற்றி வைத்தியரிடம் விளக்கமாகக் கேளுங்கள். சாப்பாடு தண்ணீரை மறுக்கும் அளவுக்குப் போன மனச்சோர்வில் இதைப்போல விரைவாக உதவுவது குறைவு. குளிசைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுத்துப் பேசலாம்.